நாலு சென்சாரும் நாலு கணக்கும்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்தது. நாலு சென்சாருக்கு நாலு படம், அடியில் ஒரே வரி: "மாமா, இதுல எது உண்மை?" நாலு சாட்சிகளைக் கூண்டில் நிறுத்திவிட்டு என்னை நீதிபதியாக்கப் பார்க்கிறாய். இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. இதே கேள்வியை மருந்துக்கடைக்காரர் ஒருவரும், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிற நண்பர் ஒருவரும் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று கடிதமாகவே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. காரைக்கால்மேட்டில் ஐஸ் பெட்டிக்குள் வயரை விட்டுக்கொண்டு திரிகிற பையன் யார் என்று ஊர் கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஃகு மூடி போட்ட டிஎஸ்18பி20 சொல்வது 3.06. நீலக் கூண்டுக்குள் இருக்கும் டிஎச்டி11 சொல்வது 5. மூன்று கால் கறுப்புப் பூச்சி எல்எம்35 சொல்வது 4.4. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னத் திரை கொண்ட தெர்மிஸ்டர் சொல்வது 2.8. நோட்டுப் புத்தகத்தில் நீ எழுதியிருப்பது 3.815.

எங்கிருந்து வந்தது அந்த 3.815? நாலையும் கூட்டி நாலால் வகுத்திருக்கிறாய். அடேய், டிப்ளமோ படித்த பிள்ளை நீ. அரசலாற்றங்கரையில் நாலு பேரிடம் துறைமுகத்துக்கு வழி கேட்கிறாய், நாலு பேரும் நாலு திசையைக் காட்டுகிறார்கள் என்று வை. நாலையும் கூட்டிச் சராசரி போட்டு நடப்பாயா? நடந்தால் ஆற்றுக்குள்தான் போய் நிற்பாய். ஒரே ரகத்தில் நாலு சென்சாரை வைத்து, அவை கொஞ்சம் கூடவும் கொஞ்சம் குறையவும் தற்செயலாகத் தடுமாறினால் சராசரி உதவும். ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறவர்களைச் சேர்த்து வகுத்தால், யார் எவ்வளவு சாய்ந்தார் என்கிற தடயமும் அழிந்துபோகும்.

"அப்ப 3.06-தான் சரியா மாமா? அதுலதானே ரெண்டு புள்ளி வருது" என்று அடுத்து கேட்பாய். எனக்குத் தெரியும், இந்தக் கண்கட்டில் நானே இருபது வருஷம் இருந்தவன். உன் நோட்டை ஒரு முறை புரட்டிப் பார். 3.06, 3.12, 3.19, 3.25 என்று வந்திருக்கும். 3.10 என்று ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? வராது. அந்தச் சில்லு 0.0625 டிகிரிப் படிக்கட்டில்தான் ஏறி இறங்கும். இரண்டு படிக்கு நடுவே அதற்கு நிற்கத் தெரியாது. படி எவ்வளவு சின்னது என்பது ஒரு சங்கதி, மாடிப்படியே சரியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்பது வேறு சங்கதி. அதைத் தயாரித்த கம்பெனியே டேட்டாஷீட்டில் எழுதியிருக்கிறது: மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை, அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று. ஆக உன் 3.06-க்கு அர்த்தம், இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே எங்கோ என்பதுதான். கடைசியில் இருக்கும் அந்த 06 வெறும் அலங்காரம், மாட்டு வண்டிக்கு ஜிகினா கட்டியது போல.

டிஎச்டி11-ஐப் பற்றி அதிகம் பேசக் கூடாது, பாவம். இரண்டு டிகிரி கூடவோ குறையவோ போகும் என்று அதன் காகிதமே ஒத்துக்கொள்கிறது. அது வேலை செய்யும் எல்லையே 0 முதல் 50 வரைதான். 5 என்று சொன்னால் 3-ஆகவும் இருக்கலாம், 7-ஆகவும் இருக்கலாம். 3-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் சின்ன விஷயமில்லை. சூடு ஏறினால் இந்த மீன்களில் ஹிஸ்டமின் சேரும். அப்புறம் குழம்பில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலி வந்து, "மீன் ஒத்துக்கலை" என்று சொல்வார்களே, அதுதான்.

எல்எம்35 கதை வேறு. ஒரு டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட் கொடுக்கிற நல்ல, பழைய, நேர்மையான சாமான் அது. குற்றம் அதனிடத்தில் இல்லை, அதைப் படிக்கிற போர்டிடத்தில். உன் ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 துண்டாக நறுக்குகிறது. ஒரு துண்டு கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. சரி, அது போகட்டும். அந்த 5 வோல்ட் உண்மையிலேயே 5-தானா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாயா? போன் சார்ஜரில் செருகியிருக்கிறாய், படத்தில் தெரிகிறது. அது 4.8 கொடுத்தால், 30 டிகிரி வெயிலை உன் போர்டு 31 கால் என்று படிக்கும். அளவுகோலே சுருங்கிவிட்டது, துணி நீளம் கூடியதாகத் தெரிகிறது. இன்னொன்று: மைனஸ் மின்சாரம் கொடுக்காமல் சாதாரணமாக இணைத்தால் எல்எம்35 சுமார் 2 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஐஸ் பெட்டிக்கு அதைக் கொண்டுவந்தது, நீச்சல் தெரியாதவனைப் போட்டில் ஏற்றிய கதை.

இப்போது அந்த நடுராத்திரிச் சம்பவத்துக்கு வருகிறேன். நீ மறைத்தாய், உங்கம்மா போனில் சொல்லிவிட்டாள். இரவு 1:40-க்கு உன் போன் அலறியிருக்கிறது: "ஐஸ் பெட்டி வெப்பம் 85.00". உங்கப்பா கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு ஓடி, பெட்டியைத் திறந்தால் உள்ளே வஞ்சிரம் நிம்மதியாகத் தூங்குகிறது. மூன்று நாள் கழித்து மைனஸ் 127. அன்றைக்கு உங்கப்பா எழுந்திருக்கவே இல்லை. புத்திசாலி.

இரண்டும் வெப்பநிலையே இல்லை மாப்பிள்ளை. டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் போய் வந்தால், புதிதாக அளந்து முடிக்கும்வரை அதன் வாயில் 85 என்ற எண்தான் நிற்கும். தூக்கத்திலிருந்து எழுப்பினால் சிலர் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. முழுத் துல்லியத்தில் அளக்க அதற்கு முக்கால் வினாடி வேண்டும். நீ பொறுக்காமல் கேட்டால் 85 என்றுதான் சொல்லும். மைனஸ் 127 என்பது சென்சார் பேசவே இல்லை என்பதற்கு நீ பயன்படுத்தும் லைப்ரரி வைத்திருக்கிற குறி. வயர் விட்டிருக்கும், இல்லை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை நீ போட மறந்திருப்பாய். இந்த இரண்டு எண்ணும் வந்தால் நோட்டில் எழுதாதே, அலாரம் அடிக்காதே, மறுபடி கேள் என்று நிரலில் இரண்டு வரி சேர்த்துவிடு. கொல்லன் பட்டறையில் 85 நிஜமாகவே இருக்கலாம், ஐஸ் பெட்டியில் இருக்க முடியாது.

"எல்லாம் சரி மாமா, நாலும் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில்தானே இருந்தது?" என்பாய். இங்கேதான் உன் காதைத் திருக வேண்டும். படத்தை நன்றாகப் பார். டிஎஸ் மீனுக்கு நடுவே கிடக்கிறது. டிஎச்டி மூடியின் உட்புறம் டேப்பில் ஒட்டியிருக்கிறது, பக்கத்திலேயே வைஃபை போர்டு. தெர்மிஸ்டரின் முனை ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எல்எம்35 காற்றில் தொங்குகிறது. மூடியடியில் இருக்கிற காற்று ஒரு சூடு, ஐஸ் ஒரு சூடு, மீனின் நடுச்சதை இன்னொரு சூடு. அந்த வைஃபை போர்டைத் தொட்டுப் பார், இளஞ்சூடாக இருக்கும். அதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் குளிர்கிறது என்றா சொல்வான்?

ஒரு சென்சாருக்கு மீனின் சூடு தெரியாது, காற்றின் சூடு தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் உடம்புச் சூடு மட்டும். அதன் உடம்பும் மீனின் உடம்பும் ஒரே சூட்டுக்கு வரும்படி பார்த்துக்கொள்வது உன் வேலை. அதை நீ செய்யாமல் எண்ணைக் குற்றம் சொல்லாதே. மீனுக்குள் ஊசியைக் குத்தி வைக்க முடியாது, விலை போகாது என்றால், ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதற்குள் சென்சாரை இறக்கி மீன் நடுவே வை. மூடியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் எண் குதிக்காது. தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ்களில் கிளைக்கால் நிரப்பிய குப்பிக்குள் சென்சாரை வைப்பது இதற்காகத்தான். அங்கே 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும், கதவைத் திறந்த காற்றையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.

இந்தத் தப்பு உனக்கு மட்டும் வந்ததில்லை, வருத்தப்படாதே. 2024 மே 29 ஞாபகம் இருக்கிறதா? தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே அலறியது. அன்றைக்குத் தில்லியின் மற்ற நிலையங்கள் சொன்னது 45.2-க்கும் 49.1-க்கும் இடையில். இந்தியாவின் உயர்ந்தபட்சப் பதிவு 2016 மே 19 அன்று ராஜஸ்தான் பலோடியில் வந்த 51. அதையும் தாண்டி ஒரு புறநகர் ஏறிவிட்டதா என்று வானிலைத் துறைக்கே சந்தேகம். ஆள் அனுப்பித் தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தின் சென்சார் 3 டிகிரி கூடச் சொல்கிறது என்று தெரிந்தது. மறுநாளே நாக்பூரில் ஒரு நிலையம் 56 என்றது. அதுவும் சென்சார் கோளாறு.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. தப்பு நடந்ததில் ஆச்சரியமில்லை, மூன்று டிகிரி தப்பு எந்தச் சென்சாருக்கும் எந்த வெயிலிலும் வரும். பக்கத்து நிலையங்கள் இருந்ததால்தான் அது மாட்டிக்கொண்டது. அது தனியாக ஒரு பாலைவனத்தில் நின்றிருந்தால், 52.9 இன்றைக்குப் பொது அறிவுப் புத்தகத்தில் இருந்திருக்கும், நீயும் டிஎன்பிஎஸ்சி தேர்வில் அதை எழுதியிருப்பாய். (புதுச்சேரிப் பிள்ளைக்கு எதற்கு டிஎன்பிஎஸ்சி என்று கேட்காதே, உங்கம்மா ஆசை அது.)

போன மே மாதம் உன் தகரக் கொட்டகைக்கு அடியில் 44 டிகிரி என்று படம் எடுத்து, "காரைக்கால் வானிலை நிலையம் 38-னு பொய் சொல்றாங்க" என்று ஊருக்கெல்லாம் அனுப்பினாயே, அதற்கும் இதே பதில்தான். அவர்கள் காற்றின் சூட்டை அளக்கிறார்கள். வெள்ளையடித்த, நாலு பக்கமும் சரிவுச் சட்டம் வைத்த மரப்பெட்டியில், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பு உயரத்தில், வெயில் படாமல், காற்று மட்டும் புகுந்து போகும்படி வைத்து அளக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பேர். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா, கலங்கரை விளக்கம் கட்டிய எஞ்சினியர், அவர் செய்தது. நீ அளந்தது தகரத்தின் சூட்டை. தகரம் 44 என்று சொன்னது பொய்யில்லை, நீ அதற்குக் காரைக்கால் என்று பேர் வைத்ததுதான் பொய்.

கொரோனாக் காலத்தில் ரேஷன் கடை வாசலில் நெற்றிக்குத் துப்பாக்கி காட்டினார்களே, அதில் உனக்கு 34 டிகிரி வந்தது என்று சிரித்தாய். ஏசி பஸ்ஸில் வந்த நெற்றிக்கு 34-தான் வரும். அது தோலின் சூடு.

சரி, திட்டியது போதும். எது உண்மை என்று கேட்டாய். அதற்கு வழி உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது: ஐஸ் கம்பெனி. நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு ஃபிரிட்ஜ் தட்டில் நாலு கட்டி ஐஸ் பிடித்துச் செய்வதை, நீ ஐஸ் பார் கணக்கில் செய்யலாம்.

ஐஸும் தண்ணீரும் கலந்து, இரண்டும் மிச்சம் இருக்கிற வரைக்கும், அந்தக் கலவை 0 டிகிரியை விட்டு அசையாது. வெளியிலிருந்து எவ்வளவு சூடு வந்தாலும் ஐஸ் உருகுவதிலேயே அது செலவாகிவிடும். ஒரு கிலோ ஐஸ் உருகத் தின்கிற சூடு, ஒரு கிலோ பச்சைத் தண்ணீரை 80 டிகிரி ஏற்றப் போதும். உங்கப்பா கடலுக்கு ஐஸைச் சுமந்துகொண்டு போவது இதை நம்பித்தான். இயற்கையே முத்திரை குத்திக் கொடுத்த எடைக்கல் இது. காசு கிடையாது.

அகல வாய் பிளாஸ்க் ஒன்று எடு. உங்கம்மா டீ ஊற்றிவைக்கும் பிளாஸ்க்கைத் தொடாதே. ஐஸைச் சாக்கில் சுற்றி அடித்து, புழுங்கல் அரிசி அளவுக்கு நொறுக்கி, வாய் வரை நிரப்பு. அப்புறம் கேன் தண்ணீர் ஊற்று, ஐஸுக்கு நடுவே இருக்கிற இடுக்கு நிரம்புகிற அளவுக்கு மட்டும். ஐஸ் மேலே மிதந்து கீழே வெறும் தண்ணீர் நின்றால் தப்பு. 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ சென்சாரை அடியில் ஊன்றி, "மாமா, ஐஸ் ரெண்டு டிகிரி காட்டுது" என்று போன் பண்ணுவாய். தண்ணீரை வடித்து இன்னும் ஐஸ் போடு. சென்சாரை நடுவில், சுவரிலும் அடியிலும் படாமல் நிறுத்து. எஃகு மூடி மட்டும் முங்கினால் போதாது, வயரும் ஒரு விரல் நீளமாவது உள்ளே போகட்டும். வெளியே இருக்கிற வயர் செம்பு, வெயில் சூட்டைக் குழாய் மாதிரி உள்ளே கொண்டுவந்துவிடும். மெதுவாகக் கலக்கு. கால் மணி நேரம் பொறு. அந்தக் கால் மணி நேரம்தான் உன்னிடம் இல்லாதது.

அப்புறம் வருகிற எண்ணை எழுது. 0.44 வந்தால், அந்தச் சென்சார் ஐஸ் பக்கத்தில் 0.44 கூடச் சொல்கிறது என்று அர்த்தம், அதைக் கழித்துக்கொள். அரை டிகிரிக்குள் வந்தால் கம்பெனிக்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். ஒன்றரை வந்தால், மேலே டிஎஸ்18பி20 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது வேறு ஆள். டல்லஸ் செமிகண்டக்டர் என்கிற அமெரிக்கக் கம்பெனி செய்த சில்லு அது. கம்பெனி இரண்டு தடவை கை மாறிவிட்டது, போலி மட்டும் அதே பேரில் ஊர் ஊராகத் திரிகிறது. ஆன்லைனில் இருநூறு ரூபாய்க்கு ஐந்து என்று வாங்கும்போது உனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நீ செய்யப்போகிற தப்பு எனக்கு இப்போதே தெரிகிறது. கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருக்கிற கடல் தண்ணீரை ஊற்றுவாய். ஊற்றினால் 0-வுக்கு வராது. சுத்தக் கடல் தண்ணீர் உறைவது மைனஸ் 1.9-ஐ ஒட்டித்தான். ஐஸ் உருகி உப்பை நீர்க்க வைக்க நீர்க்க, எண் நடுவே எங்காவது நின்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். போன ஐப்பசியில் நீ அனுப்பிய மைனஸ் 1.31 நினைவிருக்கிறதா? "சென்சார் செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு மீனின் மேல் என்ன ஊற்றினீர்கள் என்று நான் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை. போட்டில் ஐஸோடு கடல் தண்ணீரைக் கலந்திருப்பார்கள். அப்படிக் கலந்தால் மீன் சீக்கிரம் குளிரும், ஐஸுக்கும் மீனுக்கும் நடுவே காற்று இடுக்கு இருக்காது. அந்தச் சென்சார் நூற்றுக்கு நூறு உண்மை சொன்னது. உண்மை சொன்ன குற்றத்துக்காக அது இப்போது குப்பையில் கிடக்கிறது. கிடைத்தால் எடுத்துக் கழுவி வை.

"ஐஸ் கம்பெனித் தண்ணியே கொஞ்சம் உப்புக் கரிக்குமே" என்று மடக்குவாய். நல்ல கேள்வி, இதைக் கேட்டதற்கு முதுகில் தட்டிக்கொடுக்கிறேன். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தால் உறைநிலை சுமார் 0.06 டிகிரி இறங்கும். உன் சென்சாரின் ஒரு படிக்கட்டு. நம் வேலைக்கு அதை மன்னித்துவிடலாம். தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் மன்னிக்க மாட்டார்கள். அங்கே கண்ணாடிக் கூட்டுக்குள் சுத்தமான நீரின் பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்து நிற்கும்படி செய்து, 0.01 டிகிரி என்கிற புள்ளியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மீன் மார்க்கெட்டில் எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு தடவை முத்திரை வாங்குகிறார்களே, அதேபோல வெப்பமானிக்கும் அங்கிருந்து ஒரு வம்சாவளி இறங்கி வருகிறது. அங்கே ஒப்பிட்டது ஆய்வகத்துக் கருவி, அதோடு ஒப்பிட்டது மருந்துக் கம்பெனியின் கருவி. உன் சென்சாருக்கு அப்படி அப்பன் பாட்டன் யாரும் இல்லை. பிளாஸ்க் ஐஸ்தான் அதைத் தத்தெடுத்த வீடு.

ஐஸில் சரியாக இருந்தால் எல்லா இடத்திலும் சரியாக இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. 0-வில் ஒழுங்காக இருந்துவிட்டு 30-இல் இரண்டு டிகிரி ஓடுகிற தெர்மிஸ்டரை நான் பார்த்திருக்கிறேன். இன்னோர் இடத்திலும் ஒப்பிடு. வெதுவெதுப்பான தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி, வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையையும் சென்சாரையும் சேர்த்து வை. 35-இலிருந்து 39 வரைக்கும் அந்தக் காய்ச்சல்மானியைத் தாராளமாக நம்பலாம், பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் அநேகமாகத் தப்பாது. கொதிக்கிற தண்ணீரில் பார்க்கலாமா என்று கேட்பாய். காரைக்கால்மேடு கடல் மட்டத்தில் இருப்பதால் 100-க்குப் பக்கத்தில் கொதிக்கும், கொடைக்கானலில் 93-ஐ ஒட்டிக் கொதித்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரை ஏறிய மாதிரி ஒரு நாளில், காற்றழுத்தம் 20 மில்லிபார் இறங்கினால் உன் கொதிநிலையும் அரை டிகிரி இறங்கும். ஆனால் வேண்டாம். உன் வயரின் பிளாஸ்டிக் உறை இளகிவிடும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், அப்புறம் அந்தச் சென்சாருக்குத் திதிதான்.

உள்ளே தண்ணீர் போவது உங்கள் ஊரில் தனிக் கதை. உப்புக் காற்று எந்த மூட்டையும் விடாது. தெர்மிஸ்டரில் சூடு ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும். ஈரமும் உப்பும் இரண்டு வயருக்கு நடுவே ஒரு குறுக்கு வழி போட்டால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும், கருவி சூடு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பிளாட்டினம் கம்பியில் செய்த பிடி100-இல் இதற்கு நேர் தலைகீழ். சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால் அதே உப்புக் கசிவு அதைக் குளிர்ந்துவிட்டதாகக் காட்டும். ஒரே வியாதி, ஒருத்தருக்கு ஜுரம், இன்னொருத்தருக்கு ஜன்னி.

பிடி100 என்றதும் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன், உன்னை மட்டும் திட்டினால் நியாயமில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு ஆலையில், தொட்டியொன்றில் பிடி100 மாட்டி, முப்பது மீட்டர் தள்ளி இருக்கிற கண்ட்ரோல் ரூமுக்கு வயர் இழுத்தேன். மூன்று வயர் கொண்டுபோக வேண்டும். ஒன்றை மிச்சம் பிடித்து இரண்டே வயரில் முடித்தேன். பெருமை வேறு. பிளாட்டினத்துக்கு 0 டிகிரியில் 100 ஓம், ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் கூடும். என் மெல்லிய வயர் போகவும் வரவும் அறுபது மீட்டர், அதற்கே இரண்டு ஓம் சொச்சம். கருவிக்கு எது பிளாட்டினம் எது வயர் என்று தெரியுமா? இரண்டையும் சேர்த்துச் சூடு என்று படித்தது. ஐந்து டிகிரிக்கு மேல் கூடக் காட்டிக்கொண்டிருந்தது, ஆறு வாரம். ஒரு பழைய ஃபிட்டர், தொட்டியின் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் மீட்டர் கொஞ்சம் கோவக்காரனா இருக்கான்" என்றார். மூன்றாவது வயர் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது: வயரின் ரெசிஸ்டன்ஸை மட்டும் தனியாக அளந்து கழிக்க.

அந்தப் புறங்கையால் ஞாபகம் வந்தது. உன் செய்தியின் கடைசியில், "அப்பா இன்னும் செவுளுக்குள்ள விரலை விட்டுத்தான் பார்க்கிறார், சொன்னா கேக்க மாட்டேங்கிறார்" என்று புலம்பியிருந்தாய். கையும் ஒரு சென்சார்தான், அதற்கும் டேட்டாஷீட் உண்டு. கை அளப்பது சூட்டை அல்ல, சூடு எவ்வளவு வேகமாகக் கையைவிட்டு ஓடுகிறது என்பதை. அதனால்தான் ஒரே பெட்டிக்குள் இருக்கிற எஃகு மூடி ஜில்லென்றும் தெர்மாக்கோல் சாதாரணமாகவும் படும். ஆனால் உங்கப்பா எஃகையும் தெர்மாக்கோலையும் மாற்றி மாற்றித் தொடுவதில்லை. முப்பது வருஷமாக ஒரே இடத்தில், மீனின் செவுளில், ஒரே விரலால் பார்க்கிறார். உன் சென்சார் இன்னும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதையே நீ முடிவு செய்யவில்லை.

இந்த வாரம் இதைச் செய். ஒவ்வொரு சென்சாரின் வயரிலும் வெள்ளை டேப் ஒட்டி, ஐஸில் வந்த எண்ணையும் தேதியையும் எழுது. உப்புக் காற்றுக்கு அது நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு ஒரு தடவையும் முடியும் ஜூன் 14-க்கு ஒரு தடவையும் மறுபடி பார். நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருந்தால் சில்லே சூடாகி அதுவே ஒரு பொய்யைச் சேர்க்கும். எல்எம்35-ஐ எடுத்து வை, அதற்கு வேறு வேலை வரும். டிஎச்டி11-ஐ உங்கம்மாவிடம் கொடு. ஈரப்பதமும் அதற்கு உத்தேசமாகத் தெரியும், கருவாட்டுக் கொட்டகையில் மாட்டிவைக்கட்டும்.

உன் படத்தில் எது உண்மை என்று இன்னும் நான் சொல்லவில்லை என்று முணுமுணுப்பாய். டிஎஸ்18பி20 பக்கம்தான் என் ஓட்டு, மீன் நடுவே இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஐஸில் வைத்துப் பார்க்காமல் பந்தயம் கட்ட மாட்டேன். நோட்டில் அந்த 3.815-ஐ அடித்துவிடு. அதே பக்கத்தில் இன்னும் ஒரு பத்தி கோடு போட்டு, உங்கப்பா விரலை விட்டுப் பார்த்துச் சொல்வதையும் எழுதி வா. "நல்ல ஜில்", "பரவால்ல", "ஐஸ் போடு" என்று அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுது, எண்ணாக மாற்றாதே. சென்சாரின் எண்ணை அவருக்கு முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. பத்து நாள் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. "ஐஸ் போடு" என்று அவர் சொல்கிற நாளில் உன் எண் என்ன சொல்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து உன் மாமா